கட்டைவிரல் தடம்

1914இல் ஜெர்மன் படை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரை நெருங்கியபோது, அங்கிருந்த மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலி போன்ற விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவில் இறங்கிவிடுமே என்ற பயம். ஊர் மக்களின் உயிர் பெரிதுதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்தக் கூண்டுகளின் முன்னால் வருடக்கணக்கில் நின்று, அந்த விலங்குகளைச் சிலைகளாக உருவாக்கிய ஒருவர் இருந்தார்.

ரெம்பிராண்ட் புகாட்டி, 1884இல் மிலானில் பிறந்த சிற்பி.

அவர் செய்த ஹமத்ரியாஸ் பபூன் குரங்கின் வெண்கலச் சிலையில், தோளைப் போர்த்திய மயிரைப் பார்க்க வேண்டும். அதை உளியால் இழை இழையாகக் கீறவில்லை. கட்டைவிரலால் அப்பி அப்பி வைத்திருக்கிறார். எளிதில் காயாத பிளாஸ்டிலின் களிமண்ணை எடுத்துக்கொண்டு கூண்டுக்கே போய், விலங்கைப் பார்த்தபடியே பிசைவார். பிறகு அது மெழுகு வார்ப்பு முறையில் வெண்கலமாகும். சுவாமிமலைச் சிற்பிகளுக்கும் மெழுகு வார்ப்புதான். ஆனால் அங்கே வார்த்தபின் அரம் போட்டு, செதுக்கி, மெருகேற்றும்போது கைத்தடம் போய்விடும். தெய்வத் திருமேனிக்கு அதுவே முறை. பாரிஸின் எப்ரார் வார்ப்படச்சாலையோ புகாட்டியின் விரல் அழுத்தத்தை அப்படியே வெண்கலத்தில் கொண்டுவந்தது.

அப்பா கார்லோ பெயர்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர். அண்ணன் எத்தோரே கார் செய்தார்; பிற்பாடு தன் ராயல் கார்களின் மூக்கில், பின்னங்காலில் நிற்கும் தம்பியின் யானையை வைத்தார். கண்ணைப் பறிக்கும் அந்தக் காரால்தான் பலருக்குத் தம்பியின் கை அறிமுகம். யானைக்கு அது கௌரவமா? பபூனின் தோளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு இரலைகளைப் பாரிஸில் தன் பணிமனையிலேயே வைத்துப் பராமரித்த மனிதர் ரெம்பிராண்ட். தழை தின்னும்போதும் தூங்கும்போதும் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

போர் வந்ததும் செஞ்சிலுவை மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்தார். 1916 ஜனவரியில் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். வயது 31.

விலங்குகளைக் கொன்றதுதான் அவரையும் கொன்றது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி முடித்துவிட்டால் கதைக்கு அழகு. ஆனால் காயம்பட்ட சிப்பாய்களை எங்கே வைப்பது? பணமுடையை, தனிமையை, நோயை?

ஓர் உயிரை அவ்வளவு நெருங்கிப் பார்க்கப் பழகியவருக்கு அதன் சாவைத் தாங்கும் தெம்பு குறைந்துவிடுமோ என்று இதை எழுதுகிறவருக்கு முதலில் தோன்றியது. அடுத்த கணமே, அந்தப் பார்வைதான் அவரை அதுவரை பிழைக்க வைத்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. ஒன்றை நம்பப்போனால் மற்றது வந்து மறிக்கிறது. இன்னும் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.