எது உள்ளூர்?

விருத்தாசலத்தில் மணிமுத்தாறு பெரும்பாலும் மணல். கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. முகத்துவாரத்தின் எதிர்காலத்தை உள்ளூர் மக்களைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. உள்ளூர் எதுவரை என்பதில்தான் சந்தேகம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காடு அழிந்ததற்கு, மாடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறொன்றைக் கண்டது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வனத்துறையே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்திருந்தது. வெட்டிய தரை தாழ்ந்து, உப்புநீர் தேங்கி, கன்றுகள் பிழைக்கவில்லை. கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். காடு திரும்பியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் குழுக்களில் உட்கார்ந்தார்கள். தாமதமான நியாயம், ஆனாலும் நியாயம்.

ஆனால் ஆற்றுநீர் குறைந்தாலும் அங்கே உப்பு ஏறும். அது குறைவது மேலே, அணைகளில், எங்கள் ஆழ்குழாய்க் கிணறுகளில். கரும்பு போடுகிறவரும் பீங்கான் சூளை வைத்திருப்பவரும் அந்தக் குழுக்களில் இல்லை. பாதிக்கப்படுகிறவரைக் கேட்டாயிற்று என்ற திருப்தியில், பாதிக்கிறவரைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவேனா என்று யோசித்தேன். வீட்டுக்கு போர் போட்ட அன்று, தண்ணீர் பீறிட்டதும் நாங்கள் கைதட்டியது ஞாபகம் வந்தது.