வக்கீல்களின் தண்டனைப் பதிவும் பொதுஜன உரிமையும்

ஒருவன் தன் குற்றத்திற்குரிய தண்டனையை அனுபவித்துத் தீர்த்த பின்னரும், அக்குற்றம் எல்லோரும் பார்க்கக்கூடிய ஏட்டில் நிலைத்திருப்பது நியாயமாகுமா என்னும் வினா அறநூலாசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிக் காலங்கழிக்கும் நம்போன்ற கிராணிகளின் வாசலிலும் அது வந்து நிற்கின்றது. வந்த விதத்தை முதலிற் கூறுவோம்.

நமது தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மையார் தம் கணவரைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். நஷ்டஈட்டு வழக்கிற்கு எவரிடம் போவதென்று நம்மை வந்து கேட்டார். “கிராணி ஐயா, நீங்க படிச்சவங்க, நீங்க காட்டுற எடத்துக்கே போறேன்” என்றார். பட்டணத்தில் பெரிய பெயர்ப்பலகையும் ஆங்கிலப் பட்டங்களும் விளங்கிய ஓர் ஆபீசை நாம் காட்டினோம். வழக்கு வென்றது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டிய பணம், முறைப்படி, கட்சிக்காரர்களுக்காக வக்கீல் வைத்திருக்கும் கணக்கில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து அம்மையாரின் கைக்கு மட்டும் வரவில்லை. ஈராண்டு அலைந்து, முறையீடு எழுதிய பின்னரே, அதுவும் தவணை தவணையாகக் கிடைத்தது.

அம்முறையீட்டை எழுதும்பொழுதுதான் நாம் ஒன்றை அறிந்தோம். அதே வக்கீல் முன்னொரு முறை இத்தகைய குற்றத்திற்காகவே தொழிலினின்று சில காலம் நிறுத்தப்பட்டிருந்தார். அவ்வுத்தரவு பொதுஜனங்கள் காணும்படி வெளியிடப்பட்டும் இருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நாம் அதைத் தேடிப் பார்க்கவில்லை. அம்மையார் இன்றுவரை நம்மை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாக இருக்கின்றது.

நிற்க, சட்டம் கூறுவதைப் பார்ப்போம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டமும், சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும், முறைகேடு செய்த வக்கீலைக் கண்டிக்கவும், அபராதம் விதிக்கவும், ஐந்தாண்டுகளுக்கு மேற்படாமல் நிறுத்தி வைக்கவும், பட்டியலினின்று பெயரையே நீக்கிவிடவும் இடந்தருகின்றன. சிங்கப்பூரில் கடுமையான வழக்குகளை மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் விசாரித்துத் தீர்ப்பை வெளியிடுகின்றது. இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டு ஒரு சொலிசிட்டரின் வழக்கில் நீதிபதி பிங்ஹாம் அவர்கள், இத்தண்டனைகளின் முதன்மையான நோக்கம் குற்றவாளியை வருத்துவதன்று, அத்தொழிலின்மீது ஜனங்கள் வைத்த நம்பிக்கையைக் காப்பதே என்று விளக்கினார். நம்பிக்கையைக் காப்பதே நோக்கமாயின், நம்பப்போகிறவனுக்குத் தெரியாத தண்டனையால் ஆவதென்ன?

இதற்கு மறுப்புக் கூறுவோர் அற்பர்கள் அல்லர். “தண்டனை முடிந்தபின் மனிதன் திருந்தியிருக்கலாம், அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு, பழைய கறையை ஓயாமல் காட்டினால் அவன் பிழைப்பது எங்ஙனம்?” என்கிறார்கள். பிறப்பினால் வந்ததாகச் சொல்லப்படும் இழிவை ஒருவன் தலைமேல் ஆயுள் முழுதும் சுமத்திய சமூகம் நம்முடையது. ஆகவே அழியாத கறை என்னும் சொல்லைக் கேட்டதும் நமக்கு அச்சம் உண்டாவது இயல்பே. ஆயினும் பிறப்பு ஒருவன் செய்ததன்று; செய்கை அவன் செய்தது. திருந்தியவனுக்கு மீண்டும் தொழில் செய்து உண்ண உரிமை உண்டு. பிறருடைய அறியாமையின்மீது நின்று தொழில் செய்ய அவனுக்கு உரிமை இல்லை. அப்பதிவைக் கண்டிருந்தாலும் அம்மையார் அவரையே நம்பியிருக்கலாம். அது அவருடைய பணம். நம்புவதோ விடுவதோ அவருடைய முடிவு. அம்முடிவை அவர் கண் திறந்து செய்யும்படி விடாததே நாம் இழைத்த தவறு.

ஏடும் தவறக் கூடுமே எனின், மெய்தான். லண்டன் இன்னர் டெம்பிள் சங்கத்தில் 1891ஆம் ஆண்டு பாரிஸ்டரான காந்தியாரின் பெயர், அவர் ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்ற 1922ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. மீண்டும் அது சேர்க்கப்பட்டது 1988ல். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்! சிங்கப்பூரில் எதிர்க்கட்சித் தலைவர் ஜெயரத்தினத்தின் பெயர் 1987ல் வக்கீல் பட்டியலினின்று அடிக்கப்பட்டது. 1988ல் லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குக் கொடிய அநீதி இழைக்கப்பட்டதெனக் கூறி, அவரைத் திரும்பச் சேர்த்தது. ஆனால் அந்நீக்கத்திற்கு அடிப்படையாயிருந்த குற்றத்தீர்ப்பை மாற்ற அக்கவுன்சிலுக்கு வழியில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. ஓர் ஏட்டில் திருத்தம் ஏறியது; மற்றோர் ஏட்டில் ஏறவில்லை.

இதனால் ஏட்டை மூடிவிட வேண்டும் என்பது பெறப்படுமா? செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே தவறாக ஆப்சென்ட் போட்டுவிட்டால், நாம் அதைச் சுரண்டி அழிப்பதில்லை. பழைய எழுத்துத் தெரியும்படியே ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, கையெழுத்திடுகிறோம். சுரண்டிய இடம் சந்தேகத்தை வளர்க்கும். திருத்திய இடமோ உண்மையைச் சொல்லும். வக்கீல்களின் பதிவும் அவ்வாறே இருத்தல் வேண்டும். விசாரித்து நிரூபிக்கப்படாத முறையீடு அதில் ஏறலாகாது. ஏறியதற்குக் காரணமும், வக்கீல் கூறிய சமாதானமும், தண்டனை முடிந்த நாளும், பின்னர் தீர்ப்பு மாறியிருப்பின் அந்த மாற்றமும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1987ஐ மட்டும் படித்தவன் பொய்யைப் படித்தவனாவான்; 1988ஐயும் சேர்த்துப் படித்தவனே உண்மையை அறிவான். காந்தியாரின் நீக்கம் மறைக்கப்பட்டிருந்தால், நீக்கியவர்களின் தவறும் கூடவே மறைந்து போயிருக்கும்.

தோழர்களே! ஏடு திறந்திருந்தால் மட்டும் போதாது. பாமர ஜனங்களால் வாசிக்க முடியாத மொழியில் திறந்து கிடக்கும் ஏடு, அவர்களுக்கு மூடிய ஏடேயாகும். வாசிக்கத் தெரிந்த கிராணிமாரும் ஆசிரியன்மாரும் அவர்களுக்கும் அந்த ஏட்டுக்கும் இடையில் நிற்கிறோம். கறுப்பு அங்கியைக் கண்டு கைகட்டி நிற்கும் பழக்கத்தை நாமே விடாதிருந்தால், அவர்களை விடச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை உண்டு? அம்மையாரின் மூத்த மகள் சென்ற மாதம் வேறொரு காரியமாக வக்கீல் ஒருவரைப் பற்றி நம்மிடம் விசாரித்தாள். “நாளைக்கு வா அம்மா, பார்த்துச் சொல்லுகிறேன்” என்றோம். அன்றிரவு பார்த்தோம்.