யானையா, புலியா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆடி 17, 18 நாள்களில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவைக் காண, ஓராண்டு அப்பாதையில் பேருந்தேறிச் சென்றேன். முன் இருக்கையில் இரு சிறுவர். முதல் வளைவில் தொடங்கிய அவர்களது வழக்கு இருபதாம் வளைவிலும் தீரவில்லை. யானைக்கும் புலிக்கும் சண்டை மூண்டால் வெல்வது எது? ஒருவன் துதிக்கையின் வலிமையைச் சொன்னான். மற்றவன் பாய்ச்சலின் வேகத்தைச் சொன்னான். இறுதியில், "தாத்தா, நீங்களே சொல்லுங்க, எது ஜெயிக்கும்?" என்று என்னை நடுவராக்கினர்.

நான் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். இவ்வழக்கை அவர் பல இடங்களில் தீர்த்து வைத்திருக்கிறார். உடல் பெருத்துக் கொம்பு கூர்த்திருந்தாலும், ஊக்கத்தோடு தாக்கும் புலிக்கு யானை அஞ்சும் என்பார். அதே யானை சேற்றில் கால் புதைந்து நின்றால், நரியே அதைக் கொன்றுவிடும் என்பார். ஆழ்ந்த நீரில் வெல்லும் முதலை கரையேறினால் பிற விலங்குகளுக்குத் தோற்கும். இரவில் வலிமையுள்ள கூகையைப் பகலில் காக்கை வெல்லும். வெற்றி என்பது விலங்கின் உடலில் மட்டும் இல்லை. காலத்திலும் இடத்திலும் இருக்கிறது என்பதே அவர் தீர்ப்பு.

காட்டின் வழக்கமும் இதற்கு மாறன்று. வளர்ந்த ஆண் யானையின் எடை நான்கைந்து டன். பெரிய ஆண் புலியோ ஏறத்தாழ 200 கிலோ. கன்று தனித்து அகப்பட்டால் புலி பாயக்கூடும். வளர்ந்த களிற்றை எதிர்ப்பது மிக அரிது. வென்றாலும் கால் ஒடிந்த புலி வேட்டையாட இயலாமல் பட்டினியால் மாளும் அன்றோ? ஆகவே, விலகிச் செல்ல வழி இருக்கும்வரை அவை விலகியே செல்கின்றன. யார் வலியவர் என்று தீர்த்துக்கொள்ள வேண்டிய தேவை யானைக்கும் இல்லை, புலிக்கும் இல்லை. அத்தேவை நமக்குத்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே என் மனம் உறுத்தியது. அச்சிறுவர்களின் வயதில் நானும் என் தோழனும் இரண்டு ஓணான்களைப் பிடித்து, கழுத்தில் நூல் கட்டி, எதிரெதிரே நிறுத்தினோம். எது வெல்லும் என்று பந்தயம். அவையோ சண்டையிட விரும்பவில்லை; வேலிப்பக்கம் ஓடவே விரும்பின. நாங்கள் விடவில்லை. நூலைச் சுண்டிச் சுண்டி, ஒன்றின்மேல் ஒன்றை இழுத்துப் போட்டு, கடிக்க வைத்தோம். மாலைக்குள் ஒன்று செத்தது. அப்போதும் நாங்கள் வருந்தவில்லை. செத்தது யாருடைய ஓணான் என்றே வாதாடினோம். சண்டை ஓணான்களுடையதன்று, எங்கள் கையிலிருந்த நூலினுடையது என்பதை உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

இந்த நூலைத்தான் உரோமைப் பேரரசு பெரிய அளவில் இழுத்தது. கி.பி. 80-இல் கொலோசெயம் அரங்கம் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் தியோ காசியுஸ் எழுதினார். அத்தகைய அரங்கு பார்ப்பவனை என்ன செய்யும் என்பதைப் புனித அகுஸ்தினார் தம் ஒப்புகைகள் நூலில் காட்டுகிறார். அவருடைய நண்பர் அலிப்பியுஸ் இவ்விளையாட்டுகளை வெறுத்தவர். தோழர்கள் அவரை வலிந்து உரோமை அரங்குக்கு இழுத்துச் சென்றனர். மனிதரும் மனிதரும் மோதிய காட்சி அது. கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது, என்னவென்று அறியும் ஆவலில் கண் திறந்தார். அந்த ஒரு நொடியில், வீழ்ந்தவனைவிட ஆழமாகப் புண்பட்டவர் அவரே. வந்தபோது இருந்த மனிதராக அவர் திரும்பவில்லை. பின்னாளில் ஆயரான ஒருவருக்கே இது நேர்ந்தது என்றால், நாம் எம்மாத்திரம்?

விலங்குகளைத் தூண்டிச் சண்டையிட வைப்பது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் கையைத் தடுக்கும். கண்ணின் பசியை எது தடுக்கும்?

பேருந்து செம்மேட்டை அடைந்தது. ஓரியின் சிலையைக் கண்டதும் சிறுவர்களில் மூத்தவன், "இவரு ஒரே அம்புல யானை, புலி எல்லாத்தையும் ஜெயிச்சவரு" என்றான். உண்மைதான். யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் தைத்த அவன் அம்பைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆயினும் அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. வென்றவனை வெல்ல இன்னொருவன் எப்போதும் வருகிறான். வன்பரணரின் பாட்டும் அம்போடு முடிவதில்லை. தன் பெயரையும் சொல்லாமல் பாணர்க்கு ஊனும் பொன்னும் ஈந்த கையில்தான் அது நிறைவு பெறுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனை நாம் நினைப்பதும் அந்தக் கைக்காகத்தான்.

சிறுவர்களின் கேள்வியில் குற்றமில்லை. வலிமையை வியப்பது இயல்பு. படைத்தவரின் கைவண்ணத்தை வியப்பதும் அதில் அடங்கும். ஆனால் வியப்பு எந்த இடத்தில் பந்தயமாகிறது, பந்தயம் எந்த இடத்தில் நூலைத் தேடுகிறது என்பதை நாம் விழிப்போடு பார்க்க வேண்டும். அண்டை வீட்டார் சண்டையிடும்போது நம் சன்னல் திறப்பதும், இரு உறவினரை மோதவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பதும் அதே நூல்தான்.

எசாயா கண்ட காட்சியில் ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்குகிறது. சிறுத்தை வெள்ளாட்டுக் குட்டியோடு படுத்திருக்கிறது. அவற்றை நடத்திச் செல்பவன் ஒரு சிறுவன். அவனும் அந்த வயதினன்தான். ஆனால் அவன் கையில் நூல் இல்லை.