வெசாக் கூடு

எங்கள் பாட்டா கொழும்பு புறக்கோட்டையில் சாயாக்கடை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினவர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கள் வீடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சபையில் இரண்டும்.

சின்ன வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தோம். பௌத்தர்கள் கல்லிடம் வரம் கேட்கிற ஜனங்கள் என்றார் பிரசங்கியார். வீட்டுக்கு வந்தும் பாட்டா வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "அது கேக்கதுக்குள்ள கும்பிடு இல்ல, மக்களே. வழி காட்டினவருக்கு நன்றி சொல்லுத கும்பிடு."

கொழும்பில் பக்கத்துக் கடைச் சிங்களவர் சொல்லிக்கொடுத்தது அது. அந்த மனிதர் விகாரைக்குப் போவதை விடவில்லை. பாட்டா வேதத்தை விடவில்லை. உன் கும்பிடு என்ன என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் மதப் பேச்சு எழுந்தால் "அது வேண்டாம்" என்று பேச்சை மாற்றுவார்கள். சண்டை வராது, உண்மை. ஆனால் அந்த மௌனத்தில்தான் பிரசங்கியாரின் வாக்கியம் அப்படியே தங்கிவிடுகிறது. இங்கே ஏது பௌத்தர் என்றும் கேட்பார்கள். நெய்யாற்றின்கரை வட்டத்து விழிஞம் ஆய் வேந்தர்களின் துறைமுகம். அந்தக் குலத்து விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தத் தலத்துக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது.

இலங்கையின் பாணந்துறையில் கிறிஸ்தவருக்கும் பௌத்தருக்கும் நடந்த வாதத்தைப் படித்தபோதெல்லாம் பாட்டாவின் நினைவுதான். 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாட்கள், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், வெஸ்லியன் சபைப் போதகர் டேவிட் டி சில்வாவும் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் மோதினார்கள். ஆத்துமா இல்லையென்றால் வினையின் பலனை அனுபவிப்பது யார் என்று கேட்டார் போதகர். விவிலியத்தின் எரிச்சலுள்ள தேவனைப் பிடித்துக்கொண்டார் தேரர். போதகர் கேட்ட கேள்வியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆழமான கேள்வி அது. தேரரிடம் கேட்பதுபோல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டதுதான் எனக்கு வலிக்கிறது. பதில் தெரிந்தாக வேண்டும் என்ற தாகம் அதில் இல்லை.

அதே கேள்வி நூறு ஆண்டுகள் கழித்து அதே மெதடிஸ்த மரபில் வந்த இன்னொரு டி சில்வாவின் கையில் கிடைத்தது. இலங்கைப் போதகர் லின் டி சில்வா கிறிஸ்தவத்திலும் பௌத்தத்திலும் 'நான்' என்பது என்ன என்று ஆராய்ந்து 1975-இல் ஒரு நூல் எழுதினார். இயல்பிலேயே அழியாத ஆத்துமா என்பது விவிலியத்தைவிடக் கிரேக்கச் சிந்தனைக்கே நெருக்கமானது, ஆத்துமா இல்லை என்னும் பௌத்த அனாத்மக் கொள்கையிடம் கிறிஸ்தவர் கற்க முடியும் என்றார். அவர் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. கேட்ட கேள்வி தன்னையும் தொடட்டும் என்று விட்டார்; முன்னவர் தன்னைத் தொட விடவில்லை.

பாட்டா இந்த நூலைப் பார்த்ததில்லை. மூங்கிலைச் சீவி, வண்ணத்தாள் ஒட்டி, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவார். ஒரு வருடம் அதன் பக்கத்தில், பௌத்தர்கள் வெசாக் பண்டிகைக்குக் கட்டுகிற எட்டு முகமுள்ள கூடொன்றும் தொங்கியது. சபையார் ஒருவர் நின்று, இது என்ன வேய் என்றார்.

"கொழும்புல ஒரு கூட்டுக்காரன் படிப்பிச்சுத் தந்தது" என்று சொல்லிவிட்டு, பாட்டா உள்ளே விளக்கை ஏற்றினார்.