ஈட்டுவது ஒருத்தி, ஆள்வது யார்?

மக்கமாநகரின் வணிகக் கூட்டம் ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டபோது அதனுடன் ஒரு பெண்மணியின் சரக்கும் சென்றது. முதல் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களுடையது. அச்சரக்கைப் பொறுப்பேற்றுச் சென்ற இளைஞர்தாம் பின்னாளில் நபித்துவம் பெற்ற நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பெண் பொருளீட்டலாமா என்று இன்றும் வினவுவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மக்களில் செம்பாதியினரின் உழைப்பையும் அறிவையும் முடக்கி வைக்கும் நாடு வளம் பெறாது என்பர் பொருளியலார். அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று வங்காள தேசம். 1971-இல் பிரிந்தபோது அப்பகுதி மேற்குப் பாகிஸ்தானைவிட வறியது. ஒரு தாய்க்குச் சராசரியாக 6 மக்களுக்கு மேல். 1976-இல் சிட்டகாங்கை அடுத்த ஜோப்ரா என்னும் சிற்றூரில் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் தொடங்கிய சிறுகடன் முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியாயிற்று. அதில் கடன் பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பெண்களாயினர். 1994 முதல் நாட்டுப்புற மாணவியர்க்கு உயர்நிலைக் கல்விக்கான உதவித்தொகை நாடெங்கும் கிடைத்தது. இலட்சக்கணக்கான பெண்கள் தைக்கும் ஆயத்த ஆடைகளே ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்கு 80 பங்கை ஈட்டலாயின. 2010-களின் பிற்பகுதியில் தலா வருமானத்தில் அந்நாடு பாகிஸ்தானை முந்திற்று. இவ்வளர்ச்சிக்குப் பெண்கள் மட்டுமே காரணம் என்பது மிகை. அவர்களின்றி அது நிகழ்ந்திராது என்பது உண்மை.

வருமானம் உயர்ந்தது, உரிமையும் உயர்ந்ததா? 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் டாக்காவை அடுத்த சாவாரில் ரானா பிளாசா கட்டடம் சரிந்தது. முந்திய நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டும் தொழிலாளரை வேலைக்கு வரவழைத்தனர். 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். சிறுகடனிலும், மனைவி பெயரில் வாங்கிய பணத்தைக் கணவன் ஆள, தவணைச் சுமை மட்டும் அவள் தலையில் விழுந்ததை ஆய்வாளர் 1990-களிலேயே எடுத்துரைத்தனர்.

நாட்டு வருமானத்திற்காக மட்டும் பெண்ணை மதிப்போமாயின் அவள் ஒரு கருவியே ஆவாள். கருவிக்குக் கூலி உண்டு, உரிமை இல்லை. திருமறையோ, சொத்துச் சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்குப் பங்குண்டு என்று விதித்தது. அவள் ஈட்டியது அவளுக்கே என்றும் மொழிந்தது. இது ஆதாயம் நோக்கி அளித்த சலுகையன்று, ஹக்கு.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். வாப்பா மவுத்தானபின், "காக்காமாருக்கு விட்டுக்கொடுத்துவிடு, நாளை உனக்குத் தாய்வீடு வேண்டாமா?" என்று சகோதரியிடம் கையொப்பம் பெறும் வழக்கம் நம்மிடையே இல்லையா? மகனுக்கு இரு பங்கு என்பதை நாம் மறப்பதில்லை. குடும்பத்தைப் பேணும் கடமை அவனைச் சார்ந்தது என்னும் விளக்கத்தையும் மறப்பதில்லை. மகளுக்குரிய அந்த ஒரு பங்கை மட்டும் ஏன் மறக்கிறோம்?

நாட்டின் செழிப்பைப் பேசுமுன், நம் வீட்டுப் பத்திரப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். உரியவளிடம் சேராத பங்கு அதில் உறங்குமாயின், அது செல்வமன்று; மறுமையில் நாம் விடை கூற வேண்டிய கடன்.