கடமைக்கும் கைம்மாறு உண்டோ?

கடமையைச் செய்தவனுக்கு நாம் நன்றி கூற வேண்டுமா? கேட்ட அளவில் எளிதாகத் தோன்றும் இவ்வினா எண்ண எண்ண ஆழமாகிறது. ஆசிரியர் கற்பிக்கிறார், ஊதியம் பெறுகிறார். மருத்துவர் நோய் தீர்க்கிறார். அவரும் கட்டணம் பெறுகிறார். காவலர் நம் தெருவைக் காக்கிறார். அவருக்கும் அரசு மாதந்தோறும் சம்பளம் தருகிறது. செய்த வேலைக்குக் கூலி கொடுத்தபின் கணக்குத் தீர்ந்ததன்றோ? அதற்குமேல் நன்றி என ஒன்று மிஞ்சி நிற்பது எங்ஙனம்? காவலர் ஒருவர் கடமையின்போது உயிர் துறந்தால், "அது அவர் தொழில், அபாயம் அறிந்துதானே சேர்ந்தார்" என்று கூறுவோரும் நம்மிடையே உண்டு. அச்சொல் கொடியதாக ஒலிப்பினும் அதனுள் ஒரு வாதம் இருக்கிறது. வாதத்திற்கு விடை வாதமாகவே அமைதல் வேண்டும். கண்ணீர் மட்டும் விடையாகாது.

மும்பை மாநகரில் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் அவ்விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, கடல்வழியே வந்த பத்துப் பேர் இந்நகரின் பல இடங்களில் தாக்குதல் தொடுத்தனர். அது ஓய்வதற்குள் 166 உயிர்கள் பலியாயின. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் குடும்பங்கள் பலவும் மூட்டை முடிச்சுகளுடன் இந்நகரில் முதன்முதலாகக் கால்வைத்த இடங்களுள் அந்நிலையமும் ஒன்று.

அங்கே சுட்டுவிட்டு வெளியேறிய இருவர், காமா மருத்துவமனையின் அருகே ஒரு காவல் வண்டியை மறைந்திருந்து தாக்கினர். ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகிய அதிகாரிகளும் காவலர் மூவரும் அங்கு மாண்டனர். அவ்வண்டியையே கவர்ந்து சென்ற இருவரும், பின்னர் அதனைக் கைவிட்டு வேறொரு காரைப் பறித்துக்கொண்டனர். வண்டிக்குள் உடன் பணியாற்றியோரின் உடல்களுக்கிடையே காயமுற்றுக் கிடந்த காவலர் ஒருவர், அவர்கள் நீங்கியதும் கம்பியில்லாக் கருவி வழியே செய்தி அனுப்பினார். நள்ளிரவு கடந்த வேளையில், கிர்காவ் சௌபாத்திக் கடற்கரைச் சாலையில் டி.பி. மார்க் காவல் நிலையத்தினர் தடுப்பு வைத்துக் காத்திருந்தனர். அவர்களுள் ஒருவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே. சாதாரா மாவட்டத்துக் கேடம்பே என்னும் சிற்றூரில் பிறந்தவர். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் 1991-இல் காவல்துறையில் சேர்ந்தவர். அன்றிரவு அவர் கையில் இருந்தது ஒரு லத்தி.

கார் தடுப்பின் முன் நின்றது. துப்பாக்கிச் சண்டையில் இருவருள் ஒருவன் வீழ்ந்தான். மற்றவன் ஏ.கே. 47 துப்பாக்கியை உயர்த்தியபோது, ஓம்ப்ளே அதன் குழலை இரு கைகளாலும் பற்றினார். குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன; பற்றிய பிடி நெகிழவில்லை. அந்த இடைவெளியில் உடனிருந்தோர் பாய்ந்து கொலைகாரனை உயிருடன் பிடித்தனர். பதின்மருள் உயிருடன் பிடிபட்டவன் அவன் ஒருவனே. 2009-ஆம் ஆண்டு குடியரசு நாளில், நாடு ஓம்ப்ளேக்கு அசோக சக்கர விருதினை அவர் மறைவுக்குப்பின் அளித்தது.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஊதியம் என்பது எதனை வாங்குகிறது? ஒருவருடைய நேரத்தை வாங்குகிறது, உழைப்பை வாங்குகிறது, திறமையை வாங்குகிறது. உயிருக்கு அதில் விலை இல்லை. இதனைச் சோதிக்க ஒரு வழியுண்டு. அந்நொடியில் ஓம்ப்ளே ஓரடி பின்வாங்கித் தடுப்பின் மறைவில் ஒதுங்கியிருந்தால், எந்த மேலதிகாரி அவரைத் தண்டித்திருப்பார்? எந்த நீதிமன்றம் குறை கண்டிருக்கும்? லத்தி ஏந்தியவன் இயந்திரத் துப்பாக்கியின் குழலைப் பற்றவேண்டும் என்று எந்த விதியும் கட்டளையிடவில்லை. ஆகவே கடமையின் எல்லைக்கோட்டை அவர் தாமாகவே கடந்தார். கடந்த அந்த ஓரடிக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை, கொடுக்கவும் இயலாது. கூலி முடிந்த இடத்தில்தான் நன்றி தொடங்குகிறது.

அப்படியாயின், துணிவு காட்ட வாய்ப்பே இன்றி வண்டிக்குள் மாண்டவர்களுக்கு நன்றியில்லையா என்று கேட்கலாம். உண்டு. ஊரெல்லாம் ஓடித் தப்பும் திசைக்கு எதிர்த்திசையில் அவர்கள் அவ்வண்டியைச் செலுத்திச் சென்றார்கள். அங்கே என்ன நேரும் என்பது தெரியாதிருந்தும் சென்றதே அவர்கள் கடந்த ஓரடி.

நம் முன்னோர் இத்தகைய மரணத்தைச் செஞ்சோற்றுக் கடன் கழித்தல் என்றனர். சோறளித்த தலைவனுக்காக உயிரைத் தருவது வீரனின் அறம். கர்ணனை நினைக்குந்தோறும் இச்சொல் நம் நாவில் எழும். எனினும் அதில் ஒரு நெருடல் இருப்பதையும் நாம் மறுக்க முடியாது. கர்ணன் பட்ட கடன் ஓர் ஆளுக்கு. அந்த ஆளின் பக்கம் அறம் இல்லையென்று அறிந்தும் அவன் அங்கே நின்றான். மன்னனில்லாத இக்குடியரசில் காவலன் உண்ட சோறு யாருடையது? மக்கள் அனைவரும் செலுத்தும் வரியிலிருந்து வந்த சோறு அது. துணிக்கும் ரயில் சீட்டுக்கும் நாம் கொடுக்கும் காசெல்லாம் சேரும் பொதுப்பானையிலிருந்து வந்தது. எனவே அவன் கடன்பட்டது தனியொருவருக்கன்று. நம்மெல்லாரையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் சட்டத்திற்கே. தன் கடனை அவன் உயிரால் தீர்த்துவிட்டபின், கடனாளிகள் யார்? நாமே அன்றோ?

இங்கே போர்வீரனுக்கும் காவலனுக்கும் உள்ள வேற்றுமையைக் கருதுதல் தகும். போர்வீரனின் பணி பகைவனை வெல்வது. காவலனின் பணி குற்றவாளியை நீதியின் முன் நிறுத்துவது. சௌபாத்தியில் பிடிபட்டவன்மீது அடிகள் விழுந்தன. ஆத்திரம் எல்லை மீறியதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவன் உயிர் பறிக்கப்படவில்லை. அவனுக்காக வாதாடப் பலரும் மறுத்த சூழலிலும் நீதிமன்றம் அவனுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தந்தது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் தனி நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. 2011-இல் உயர்நீதிமன்றமும் 2012 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. 2012 நவம்பர் 21-ஆம் நாள் எரவாடா சிறையில் தண்டனை நிறைவேறியது. மரண தண்டனை தகுமா என்பது வேறொரு பெரிய வினா. அதனை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. நாம் சுட்ட விரும்புவது இதுவே: அதே வழக்கில், அதே நீதிபதி, சதிக்கு உடந்தையென்று நிறுத்தப்பட்ட இந்தியர் இருவரைச் சான்று போதாமையால் விடுதலை செய்தார். மேல்மன்றங்களும் அவ்விடுதலையை ஏற்றன. நாடே கொதித்திருந்த வேளையில் குற்றம் எங்கே முடிகிறது, ஐயம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மன்றம் பிரித்துப் பார்த்தது.

குற்றவாளி உயிருடன் பிடிபட்டதனாலேயே உண்மை வெளிவந்தது. அவன் தன் நாட்டவன் என்பதைப் பாகிஸ்தான் 2009 ஜனவரியில் ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. ஓம்ப்ளேயின் கைகள் பற்றியது இரும்புக் குழலை மட்டுமன்று. பழிக்கும் நீதிக்கும் இடையே உள்ள மெல்லிய நூலையும் அவை விடாமல் பற்றியிருந்தன. ஆதலின் அவரை நினைவுகூர்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர் பெயரால் எந்த இனத்தின்மீதோ சமயத்தின்மீதோ பகைமை வளர்ப்போமாயின், அவர் உயிர்கொடுத்துக் காத்த நூலை நாமே அறுத்தவராவோம்.

மற்றொரு தடையும் எழும். காக்கியுடை கண்டு ஏழை எளியோர் நடுங்குவதும் உண்மையன்றோ? 2020 ஜூன் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு மாண்டதும், காவலர்கள்மீது மத்தியப் புலனாய்வுத் துறை கொலைக் குற்றம் சாட்டியதும் நாம் அறிந்தவையே. அவ்வாறிருக்கக் காவலரைப் போற்றுவது கொடுமைக்குத் துணைபோவதாகாதா? ஆகாது என்பதே நம் கருத்து. மறைந்த ஒருவரின் தியாகம் வாழும் ஒருவரின் குற்றத்திற்குப் போர்வையாக முடியாது. மாறாக, அது ஓர் அளவுகோல். குற்றவாளியென ஐயமறத் தெரிந்தவனையும் உயிருடன் பிடிக்கத் தன்னுயிர் கொடுத்த காவலர் ஒருவர் இருந்தார் என்று அறிந்த சமுதாயம், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைப் பூட்டிய அறைக்குள் வதைக்கும் காவலரை எங்ஙனம் பொறுக்கும்? ஓம்ப்ளேயை மெய்யாகவே மதிப்பவர்கள்தாம் சாத்தான்குளத்தைக் கண்டிக்க முதலில் எழவேண்டும்.

இனி நினைவு என்பதைப் பற்றியும் சிறிது சிந்திப்போம். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டது தமிழ் மரபு. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நட்ட கல்லை வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த நடுகற்கள் பலவற்றில், மன்னன் பெயரோடு, ஊருக்காக மாண்ட எளிய வீரனின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. நாம் வாழும் இம்மராத்திய மண்ணிலும் அம்மரபு உண்டு. மும்பையின் போரிவலிப் பகுதியில் உள்ள எக்சாரில், கடற்போர்க் காட்சி செதுக்கிய பழைய வீரக்கற்கள் இன்றும் நிற்கின்றன. மொழி வேறாயினும், காத்தவனை மறவாதே என்னும் அறம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

நம் காலத்திலும் கற்கள் நடப்படுகின்றன. 1959 அக்டோபர் 21-ஆம் நாள் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சீனப் படையினரால் காவலர் பதின்மர் கொல்லப்பட்டனர். அந்நாளே ஆண்டுதோறும் நாடெங்கும் காவலர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தில்லி சாணக்கியபுரியில் 2018-இல் அந்நாளில் திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவிடத்தில், 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கல் நிற்கிறது. விடுதலைக்குப்பின் கடமையில் மாண்ட 34,844 காவலரின் பெயர்கள், திறப்பின்போதே அங்குள்ள சுவரில் பொறிக்கப்பட்டிருந்தன. ஓம்ப்ளேயின் பெயரை அறிஞர்கள் வேறொரு வகையிலும் நிலைநிறுத்தினர். தாணே, கல்யாண் பகுதியில் கண்டறிந்த ஒருவகைத் தாவும் சிலந்திக்கு 2021-இல் 'இசியஸ் துக்காராமி' என்று பெயரிட்டனர்.

ஆயினும் கல் நடுவதோடு கடன் தீர்ந்துவிடுமா? 34,844 என்னும் எண்ணைப் படித்ததும் நம் மனம் சற்றே அசைந்து அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறது. பெரிய அதிகாரியின் பெயரை நாளிதழ் நமக்கு நினைவூட்டும். அவரோடு மாண்ட காவலரின் பெயரை யார் நினைவூட்டுவர்? தருமபுரிக் கல்லில் எளியோன் பெயரை எழுதிய மரபினர் நாம் என்று பெருமை பேசுவதாயின், "மேலும் மூவர்" என்று எழுதிக் கடந்துபோவது நமக்கு அழகாகாது. நாமும் மேலே அவ்வாறே எழுதிச் சென்றோம். இதழ்களும் நூல்களும் பழக்கிவிட்ட வழக்கம் அத்தகையது. அவ்வழக்கத்தை மாற்றுவதும் நினைவுகூர்தலின் ஒரு பகுதியே.

பிழைப்புத் தேடி வந்து இந்நகரையே இல்லமாக்கிக்கொண்ட நமக்கு இதில் தனியானதொரு கடப்பாடு உண்டு. தடுப்பின் பின்னே இருக்கும் நகரில் உறங்குவோர் மராத்தியரா, தமிழரா, குஜராத்தியரா என்று அந்தச் சாதாரா மாவட்டத்து மனிதர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கேளாமல் தந்த அந்தக் காவலுக்கு நாம் என்ன திருப்பித் தரலாம்? பெருஞ்செயல் எதுவும் வேண்டுவதில்லை. தெருவில் ஒரு குற்றத்தைக் கண்டால், "நமக்கேன் வம்பு" என்று சன்னலைச் சாத்தாமல் சாட்சி சொல்ல முன்வரலாம். சாலை விதியை மீறிய வேளையில் காவலரின் கையில் காசைத் திணித்து அவரையும் நம்மையும் தாழ்த்திக்கொள்ளாமல் அபராதம் செலுத்தலாம். ஊரில் பதற்றம் எழும்போது உறுதியற்ற வதந்தியைப் பிறரிடம் சொல்லாமல் நிறுத்தலாம். கணபதி விழா நெரிசலிலும் அடைமழையிலும் கால்கடுக்க நிற்கும் காவலரிடம் ஓர் இன்சொல் பகரலாம். தவறு செய்யும் காவலரைச் சட்டத்தின் வழியே கேள்வி கேட்கவும் துணியலாம்.

இவையெல்லாம் மிகச் சிறியவை; ஓர் உயிருக்கு ஈடாகா. ஈடு செய்ய முடியாத கடனை என் செய்வது? தீர்க்க முடியாத கடனைத் தீர்ந்ததாகக் காட்டாமல் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்திவருவதே நேர்மை. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்றுதான் அதிகாரத்திற்குப் பெயர் வைத்தார். செய்ந்நன்றி தீர்த்தல் என்று வைக்கவில்லை. அந்த அறிவு நம்மிடமிருந்து நம் மக்களுக்கும் செல்லவேண்டும். கிர்காவ் கடற்கரைக்கு அவர்களை அழைத்துச் செல்லும்போது, அச்சாலையில் ஓர் இரவு நிகழ்ந்ததைத் தமிழில் எடுத்துரைப்போம்; மாண்டவரின் பெயரை மராத்தியில் பிழையின்றி உச்சரிக்கக் கற்பிப்போம்.