இன்சொல்லும் அதன் எல்லையும்



நான்காம் சீலத்தைப் பொய் பேசாமை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆனால் பகவான் அருளிய எண்வழி மார்க்கத்தில் நற்சொல் என்பது பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு ஆகிய நான்கையும் விலக்குவதாகும். ஆகவே இன்சொல்லும் மரியாதையும் நம் தம்மத்தின் அங்கங்களே. அவற்றின் பயன் யாது, எல்லை யாது என்பதை இன்று சிந்திப்போம்.

பயனை அறிய கோவண்டிவாசிகளுக்கு ஏடு வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயடி போதும். பல மொழி பேசுவோர் ஒரே வரிசையில் குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள். "நீங்கள் பிடியுங்கள் அம்மா" என்ற ஒரு சொல்லால் வரிசை அமைதியாக நகர்கிறது. "ஏய், எடு குடத்தை" என்ற ஒரு சொல்லால் குடமும் உடைகிறது, மண்டையும் உடைகிறது. மின்சார ரயிலிலே மூவர் அமரும் பலகையில் நான்காமவருக்குச் சற்றே நகர்ந்து இடம் விடுகிறோம். எந்தச் சட்டமும் அவ்வாறு கட்டளையிடவில்லை. நெருக்கடி மிகுந்த இந்நகரில் மனிதர் மனிதராய் வாழ்வது இத்தகைய சிறு மரியாதைகளாலேயாம்.

இனி, எல்லைக்கு வருவோம். இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் ஈர உடையோடு ஆறு திசைகளையும் வணங்கி நின்றான். பகவான் அவனை இகழவில்லை. பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாட்கள், துறவியர் ஆகியோரே அந்த ஆறு திசைகள் என்று உணர்த்தினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு திசைக்கும் கடமை இரு புறமும் சொல்லப்பட்டது. பணியாள் முந்தி எழுந்து உழைக்க வேண்டும் என்றவர், வலிமைக்கேற்ற வேலை, உணவு, ஊதியம், நோயில் பராமரிப்பு, ஓய்வு ஆகியவற்றை எசமானன் தரவேண்டும் என்றும் சொன்னார். மனைவியைக் கணவன் மதிக்க வேண்டும், இழிவுபடுத்தலாகாது என்றும் சொன்னார்.

ஒரு புறம் மட்டும் குனிவது மரியாதையன்று, அடிமைத்தனம். நம் முன்னோர் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்ததற்கும் ஊரார் வைத்த பெயர் 'மரியாதை' என்பதே. மராட்டிய நாட்டில் மகார் மக்கள் மேல்சாதியாருக்கு 'ஜோஹார்' என்று வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று நாம் சொல்லும் 'ஜெய் பீம்' என்ற வணக்கத்தில், சொன்னவரும் கேட்டவரும் நிமிர்ந்து நின்று அதே சொல்லைத் திருப்பிக் கூறுகின்றனர். வேற்றுமை இதிலேதான் இருக்கிறது.

பம்பாய் ஆலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவு தீண்டப்படாதோருக்கு அடைக்கப்பட்டிருந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். அவர்கள் வாய் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்றனர் உடன் உழைத்த தொழிலாளர். 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். ஒற்றுமை கெடுமே என்று வாய்மூடி இருப்பது அவருக்கு எளிது. ஆயினும் கசப்பான உண்மையைச் சொன்னார்.

இவற்றையெல்லாம் பிறருக்கு ஓதும் நாமே தவறிய கதையையும் மறைக்காமல் கூறுவோம். நம் சந்தில் ஒருவர் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பது வழக்கம். தகரச் சுவர், எல்லோர் காதிலும் விழும். பிறர் குடும்பத்தில் தலையிடுவது பண்பன்று என்று நாம் கதவைச் சாத்திக்கொண்டோம். காலையில் எதிர்ப்பட்டால் இருவரும் 'ஜெய் பீம்' சொல்லிக்கொள்வோம். பௌர்ணமி வந்தனைக்கு அவர் வந்தால் முன்னே பாய் விரிப்போம். ஒருநாள் அந்த அம்மையார், வீங்கிய கன்னத்தோடு, "ராத்திரி சத்தம் உங்களுக்குக் கேட்டதா ஐயா?" என்று வினவினார். அவர் மனம் கூசலாகாதே என்று, "கேட்கவில்லை அம்மா" என்றோம். மரியாதையின் பெயரால் நான்காம் சீலத்தை முறித்தோம். அதைவிடக் கொடிது, ஆதரவு தேடி வந்தவரைத் தனியே விட்டோம்.

அன்றிரவு அபய ராஜகுமாரன் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. பிறருக்குக் கசக்கும் சொல்லைத் ததாகதர் சொல்வாரா என்று அவன் கேட்டான். அவன் மடியில் குழந்தை கிடந்தது. இக்குழந்தை கல்லை விழுங்கப் போனால் என்ன செய்வாய் என்று பகவான் வினவினார். இரத்தம் வரினும் விரலை விட்டு எடுப்பேன், குழந்தைமேல் எனக்குள்ள இரக்கத்தால் என்றான் அவன். அவ்வாறே உண்மையும் நன்மையும் ஆன சொல்லை, அது கசப்பதாயினும், தக்க காலம் அறிந்து தாம் சொல்வதாகப் பகவான் விளக்கினார்.

மறுநாள் முதலில் அந்த அம்மையாரிடம் சென்று, பொய் சொன்னோம் என்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கணவரிடம் பேசலாமா என்றும் கேட்டோம், இசைந்தார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் உண்டென்றும், அவர் விரும்பினால் உபாசிகைகள் துணை வருவரென்றும் கூறினோம். பிறகு பெரியவர் இருவருடன், அவர் குடிக்காத காலை வேளையில், பிள்ளைகள் கேளாத இடத்தில் அவரைச் சந்தித்தோம். வசை ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள் அடிப்பது எங்களுக்குக் கேட்கிறது. இனிக் கேட்டால் கதவைத் தட்டுவோம்" என்றோம். அவர் முகம் திருப்பிக்கொண்டார். பல மாதம் 'ஜெய் பீம்' இல்லை. ஒருமுறை கதவைத் தட்டவும் நேர்ந்தது, தட்டினோம்.

சகோதர சகோதரிகளே! இன்சொல் வீட்டின் வாயில். உள்ளே இருக்க வேண்டியது மைத்திரி. மைத்திரி இல்லாத இன்சொல் வெறும் வேடம். அதற்காக, உண்மை பேசுகிறேன் என்று வாய்க்கு வந்தபடி ஏசுவதும் தம்மமன்று. பேசுமுன் உண்மையா, நன்மையா, காலம் இதுவா என மூன்று கேட்போம். மௌனமாய் இருக்கும்போதும் ஒன்று கேட்போம்: இந்த மௌனம் யாருக்கு மரியாதை? அடிப்பவருக்கா, அடிபடுபவருக்கா?

எல்லா உயிரும் இன்புற்றிருக்கட்டும். சாது! சாது! சாது!